ஜெயக்கொடிக்குப் போட்ட நாற்காலி

எழுமலை
24-10-1978

அன்புத் தம்பி முத்துக்கருப்பனுக்கு, உன் பெரியம்மா மகள் மாயக்காள் எழுதுவது. நானும் உன் மச்சானும் நடமாட்டமாக இருக்கிறோம். வெங்காயம் இந்த வருஷம் காலை வாரிவிட்டது. பருத்தி கைகொடுக்கும் என்று உன் மச்சான் சொல்கிறார், அவர் எதைத்தான் அப்படிச் சொல்லவில்லை. பிலாயில் இரும்பு உலைக்குப் பக்கத்திலேயே உனக்கு வேலை என்று எழுதியிருந்தாய். சூட்டிலிருந்து வெளியே வந்ததும் பச்சைத் தண்ணீரைக் குடிக்காதே. சின்னம்மா உயிரோடு இருந்தால் இதை அவள் எழுதியிருப்பாள்.

போன சனிக்கிழமை மதுரையில் என் தம்பி ஜெயக்கொடிக்கு மரியாதை செய்தார்கள். வேலையில் உயிர்விட்ட போலீஸ்காரர்களுக்கு ஐப்பசியில் வருஷா வருஷம் அப்படி ஒரு நாள் உண்டாம். கொட்டாம்பட்டி ரோட்டில் சாராயக் கேன் ஏற்றி வந்த லாரியை மறித்து நின்று அவன் விழுந்து, வருகிற கார்த்திகையோடு வருஷம் ஒன்று ஆகிறது. அப்போது உனக்கு லீவு கிடைக்கவில்லை, நீ வரவில்லை. அதனால் இதையாவது விவரமாக எழுதுகிறேன்.

தல்லாகுளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, வழி கேட்டுக் கேட்டுப் போலீஸ் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல முடியாது. நடுவில் ஒரு கல், அதைச் சுற்றிப் பூ. வரிசையாக நின்ற போலீஸ்காரர்கள் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார்கள். பெரிய அதிகாரி பெயர்களை வாசித்தார். ஜெயக்கொடி என்று அவர் சொன்னபோது எனக்குக் காது அடைத்துவிட்டது. பிறகு ஊதுகுழல் ஊதினான் பார், அந்தச் சத்தம் இன்னும் அடிவயிற்றிலேயே இருக்கிறது.

ஆனால் இதையெல்லாம் நான் எங்கே நின்று பார்த்தேன் தெரியுமா? ஒரு வேப்பமரத்தடியில் கயிறு கட்டி விட்டிருந்தார்கள், அந்தக் கயிற்றுக்கு இந்தப் பக்கம். நான் ஜெயக்கொடியின் அக்கா என்று அங்கே நின்ற போலீஸ்காரரிடம் சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "அக்கான்னா இங்கிட்டு நில்லுங்கம்மா, நாற்காலி சம்சாரத்துக்கு மட்டுந்தேன்" என்றார்.

சம்சாரம் ஜீப்பில் வந்தாள். மொக்கையன் மாமா மகள் ரெங்கம்மாள், மகாராணி மாதிரி வந்து இறங்கினாள். வெளிர்நீலச் சேலை. மடிமேல் கை வைத்து, முதுகை நிமிர்த்தி, முதல் வரிசையில் உட்கார்ந்தாள். மாலையை அவள் கையில் கொடுத்தார்கள். அதிகாரி அவள் முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். அவ்வளவு பெரிய மனுஷர், இவளுக்கு! எழுந்து கும்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள். ஒரு சத்தம் போட்டு அழவில்லை.

அவனோடு அவள் வாழ்ந்தது இரண்டு வருஷம்கூட முழுசாக இல்லை. அம்மா செத்தபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான், அவனை இடுப்பைவிட்டு இறக்காமல் வளர்த்தவள் நான். என் இடது இடுப்பு இன்றைக்கும் கொஞ்சம் சாய்வுதான். போலீசுக்கு ஆள் எடுத்தபோது நெஞ்சு விரியவில்லை என்று முதல் தடவை திருப்பி அனுப்பினார்களே, அடுத்த ஆளெடுப்பு வரைக்கும் தினம் முட்டையும் கம்பங்கூழும் கொடுத்து அந்த நெஞ்சை விரிய வைத்தது யார்? அந்த நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் அவன் லாரிக்கு முன்னால் போய் நின்றான். நாற்காலி அவளுக்காம். எனக்கு வயிறு எரிகிறது தம்பி. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஊரிலும் அவள்தான் இப்போது பெரிய ஆள். உசிலம்பட்டி பஸ்ஸில் கண்டக்டர் எழுந்து அவளுக்கு இடம் கொடுக்கிறார். என்னை யாராவது புது ஆளுக்கு அடையாளம் காட்டினால், இது ரெங்கம்மாளுக்கு நாத்தனார் என்று சொல்கிறார்கள். ஜெயக்கொடி அக்கா என்ற பெயரும் போய்விட்டது.

அது கிடக்கட்டும். உன் விஷயத்துக்கு வருகிறேன். மொக்கையன் மாமாவுக்கு நாம் இரண்டு வீடும் அக்கா தங்கச்சி வீடு. அவர் மகள்மேல் ஜெயக்கொடிக்கு என்ன முறை உண்டோ அதே முறை உனக்கும் உண்டு. மாமா காக்கிச் சட்டையைப் பார்த்து மயங்கினார், நீ கல்யாணத்துக்குக்கூட நிற்காமல் ரயிலேறினாய். அதற்கப்புறம் எத்தனை பெண் சொல்லியும் நீ பிடிகொடுக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாதா? அவள் சின்ன வயசு, பிள்ளை குட்டி இல்லை. நம் பக்கத்தில் அறுத்துக் கட்டுவது காலம் காலமாக உள்ளதுதான், யாரும் மூக்கில் விரல் வைக்கப் போவதில்லை. நல்ல பெண். அவள்மேல் எனக்கு என்ன கோபம்? நீ சரி என்றால் மாமாவிடம் நானே பேசுகிறேன்.

மைதானத்திலிருந்து கிளம்பும்போது, அங்கே இருந்த ரைட்டரிடம் சும்மா ஒரு வார்த்தை கேட்டு வைத்தேன். சம்சாரம் வேறு கல்யாணம் முடித்துப் போய்விட்டால் நாற்காலி யாருக்கு என்று. தாய் தகப்பனுக்கு, அவர்களும் இல்லையென்றால் கூடப்பிறந்தவர்களுக்கு என்றார். சும்மாதான் கேட்டேன்.

வைகாசியில் முகூர்த்தம் நிறைய இருக்கிறது. ஐப்பசிக்கு முன்னால் அவள் பிலாய் வந்து சேர்ந்துவிட்டால் நல்லது. குளிர் தொடங்கும் முன்னால் வந்தால் உடம்புக்குப் பழகும், அதற்காகத்தான் சொல்கிறேன். யோசித்துச் சீக்கிரம் எழுது.

உன் நன்மையை மட்டுமே நினைக்கும்
அக்காள் மாயக்காள்


எழுமலை
4-3-1979

அன்புத் தம்பி முத்துக்கருப்பனுக்கு, உன் கடிதம் கைக்கு வந்தது. நான் ஒரு கவர் நிறைய எழுதினால் நீ நாலு வரி எழுதுகிறாய். சரி, அந்த நாலு வரியில் மாட்டேன் என்ற வார்த்தை இல்லை, அது போதும். ரெங்கம்மாள் மனசு என்ன என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். அதற்கு முன்னால் இங்கே நடந்த ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

வெட்டுப்பட்டோ அடிபட்டோ செத்த ஆண்பிள்ளைக்குக் கல் ஊன்றிக் கும்பிடுவது நம்மவர்கள் வழக்கம்தானே. மதுரையில் அவர்கள் கல் வைத்தால் எழுமலையில் நான் கல் வைக்கிறேன் என்று முடிவு செய்தேன். அங்கே கயிறு கட்டி என்னை நிறுத்தலாம், எங்கள் அப்பா புஞ்சையில் என்னை யார் நிறுத்துவது? உடைமரத்துக்குக் கீழே இடம் பார்த்து, கல் கொண்டுவர வண்டி பிடித்து, மாசி சிவராத்திரியை ஒட்டி நாள் குறித்தேன். கோடாங்கி பேயாண்டிதான் பூசாரி. அந்த வீட்டில் பிறந்த பொண்ணு என்ற முறையில் முதல் பொங்கல் என்னுடையது.

மாமா வீட்டுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் நாள் சாயங்காலம் சொல்லி அனுப்பினேன். வர வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு அப்படியா சொல்லி அனுப்புவார்கள்? ஆனாலும் அவள் காலையில் முதல் பஸ்ஸில் வந்து நின்றாள். மூத்த பொம்பளைகள் எல்லாரும் முன்னால் நிற்க வேண்டும் என்று சொல்லி அவளைக் கடைசியில் நிறுத்தினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் போய் நின்றாள். அப்படி ஒன்றும் சொல்லாமல் போவதுதான் எனக்கு ஆகாத குணம்.

பேயாண்டி படையல் போட்டார். பொங்கல், கோழி, சுருட்டு, ஒரு பாட்டில் சாராயம். அப்படிப்பட்ட சாமிகளுக்கெல்லாம் என்ன வைப்பாரோ அதைத்தான் வைத்தார். சாராயம் இப்போது சுலபமாகக் கிடைப்பதில்லை, மலையடிவாரத்துக்கு ஆள் அனுப்பி வாங்கி வரச் சொன்னவள் நான்தான். சாம்பிராணி போட்டாயிற்று. எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுகிறோம். பின்னாலிருந்து ரெங்கம்மாள் நடந்து வந்தாள். வந்தவள் நேராகப் படையலில் இருந்த பாட்டிலை எடுத்தாள், முள்வேலிப் பக்கம் போனாள், கவிழ்த்துவிட்டாள்.

சாமிக்கு வைத்ததை எடுக்கக் கூடாது தாயி என்று பேயாண்டி குதித்தார். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "இத ஏத்திட்டு வந்த லாரிதேன் அவுக மேல ஏறுச்சு. அவுகளுக்கே ஊத்துறீகளா?" என்றாள். வாய்க்காலில் இருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்துவிட்டு, மறுபடி கடைசியில் போய் நின்றுகொண்டாள். பேயாண்டிக்கு அதற்கப்புறம் மந்திரம் ஓடவில்லை. அருள் வருவதாக இருந்த இரண்டு பேருக்கும் அருள் வரவில்லை.

எனக்கு ஏன் தம்பி அது தோன்றவில்லை? அவன் எதனால் செத்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி அழுதவள் நான். அவனுக்கே அதை வாங்கி வைத்திருக்கிறேன். உன் மச்சானிடம் கேட்டால், எனக்கு அப்பவே தோணுச்சு, சொன்னா நீ கடிச்சு வைப்பியேன்னு சொல்லல என்கிறார். இப்போது சந்தையில், கிணற்றடியில், எங்கே போனாலும் அந்த ஒரு சொம்புத் தண்ணீர்ப் பேச்சுதான். கல் வைத்தது நான், கோழி என் கோழி, பெயர் வாங்கியது அவள்.

திரும்பிப் போக அவளை பஸ் ஏற்றிவிடப் போனேன். உன் விஷயத்தைப் பேசத்தான் போனேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். நீ இன்னும் அவளை நினைத்துத்தான் தனியாக இருக்கிறாய் என்றும் சொன்னேன்.  அவள், "மதினி, இது அவுகளுக்குச் சம்மதமா இருக்கும்னு நெனைக்கிறீகளா?" என்று கேட்டாள். அவன் சம்மதத்தை என்னிடம் கேட்கிறாள்! எனக்கு ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துபோய்விட்டது. சம்மதமாகத்தான் இருக்கும் என்று அடித்துச் சொன்னேன். "அப்ப சரித்தேன் மதினி" என்றாள்.

பஸ் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொல்லலாமா? கொஞ்சம் மாட்டேன் என்று அடம்பிடித்தால் என்ன? என் தம்பி அவ்வளவு லேசானவனா? நான் கேட்டதற்கு அவள் சரி என்றதற்கு நானே கோபப்படுகிறேன், பார் என் புத்தியை.

மாமா மறுப்புச் சொல்லவில்லை. வைகாசியில் நாள் பார்க்கச் சொல்லிவிட்டேன். பத்து நாளாவது லீவு போட்டு வா. முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வராதே, உனக்கு நன்றாக இருக்காது.

உன் கல்யாணத்தைக் கண்ணால் பார்க்கக் காத்திருக்கும்
அக்காள் மாயக்காள்


எழுமலை
30-10-1979

தம்பி முத்துக்கருப்பனுக்கு, அக்காள் மாயக்காள் எழுதுவது. எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மழை நன்றாகப் பெய்திருக்கிறது, பருத்தி உன் மச்சான் சொன்னபடியே இருக்கிறது, அவருக்கும் ஒரு தடவை வாய் பலித்துவிட்டது. தீபாவளிக்கு நீ அனுப்பிய சேலை வந்து சேர்ந்தது. நிறம் ரெங்கம்மாள் எடுத்த நிறம் என்று பார்த்ததும் தெரிந்தது, உனக்கு அவ்வளவு ரசனை கிடையாது.

உன் கடிதம் நேற்று வந்தது. முதல்முறையாக நீயும் ஒரு கவர் நிறைய எழுதியிருக்கிறாய், அதுவும் முழுக்கக் கோபம். ஐப்பசியில் அந்த மரியாதை நாளில் அவள் அடுப்புப் பற்ற வைக்கவில்லை, பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டில் இருக்கும்போதே தெற்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள் என்று எழுதியிருக்கிறாய். நீ காரணம் கேட்டாய், அவள் ஒளிக்காமல் சொன்னாள். நீ யாருடைய பெண்டாட்டி என்று கேட்டுவிட்டாய். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. அவன் பெயரை இனி வீட்டில் எடுக்கக் கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டாய். நானும் என் கடிதத்தில் எழுதக் கூடாதாம்.

நான் எழுதுவேன். ஜெயக்கொடி. ஜெயக்கொடி. கிழித்துப் போடுவதென்றால் முழுசாகப் படித்துவிட்டுக் கிழி.

அதே நாளில் இங்கே நடந்ததைக் கேள். இந்த வருஷம் நாற்காலி எனக்கு வந்தது. போன சித்திரையிலேயே ரைட்டரிடம் சொல்லிவைத்து, ஆடியில் ஒரு தடவை, புரட்டாசியில் ஒரு தடவை நேரில் போய் ஞாபகப்படுத்தி வாங்கினேன். பஸ் ஸ்டாண்டுக்கே ஜீப் வந்தது. உன் மச்சானைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, நான் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். முதல் நாள்தான் தீபாவளி, வெளியே எங்கேயோ சின்னப்பிள்ளைகள் மிச்ச வெடியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மைதானத்துக்குள்ளே யாரும் இருமக்கூட இல்லை. மாலையைக் கொடுத்தார்கள். அதிகாரி எனக்கு சல்யூட் அடித்தார். நான் வருஷம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது அப்படியே நடந்தது, ஒன்றும் குறையவில்லை.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பி வேப்பமரத்துப் பக்கம் பார்த்தேன். அவள் பார்க்கிறாளா என்று பார்த்தேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. அவள் ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், அவளை அனுப்பி வைத்தவளே நான்தான், ஆனாலும் கண் அங்கே போனது. உன் மச்சான் மட்டும் மரத்தில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் பார்ப்பதற்காகவா நான் அந்த நாற்காலியைக் கேட்டேன்?

எல்லாம் முடிந்து டீ கொடுத்தபோது அந்த அதிகாரி பக்கத்தில் வந்து நின்றார். மதுரைக்குப் புதுசாக மாற்றலாகி வந்தவராம், ஜெயக்கொடியைப் பார்த்ததில்லையாம். உங்கள் தம்பி எப்படிப்பட்டவர் என்று அக்கறையாகத்தான் கேட்டார். நான் சொல்ல ஆரம்பித்தேன். தாயில்லாப் பிள்ளை, கம்பங்கூழ் என்றால் உயிர், ஓடையில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டான், பள்ளிக்கூடத்தில் நெட்டையன் என்று கூப்பிடுவார்கள். அவர் கேட்டுக்கொண்டார். அப்புறம், வேலையில் எப்படி, பயம் உண்டா, எதையாவது நினைத்து வருத்தப்படுவாரா என்றார்.  காக்கி போட்டபிறகு அவன் என்ன நினைத்தான், வீட்டுக்கு வந்து பெல்ட்டைக் கழற்றும்போது என்ன பேசினான், அந்த லாரி வரும் என்று அவனுக்கு முன்னாலேயே தெரியுமா, எனக்கு ஒன்றுமே தெரியாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து சிரித்துவிட்டுப் போன தம்பியைத்தான் எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் தெரிந்த ஒரே ஆளை நான் பெட்டி கட்டி உன்னோடு ரயிலேற்றிவிட்டேன்.

இப்போது சொல், நீ எதற்காகப் பொறாமைப்படுகிறாய்? வேண்டாம் தம்பி. இந்த வியாதியில் நான் உனக்கு மூத்தவள், எனக்குத் தெரியாத வலி இதில் இல்லை. நான் போட்டிபோட்டது உயிரோடு இருந்தவளோடு. அதில் ஜெயித்தும் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நீ செத்தவனோடு போட்டிபோடுகிறாய். அவன் இனி ஒரு தப்பும் செய்யமாட்டான், ஒரு நாளும் அவளைத் திட்டமாட்டான், கிழவனாகவும் ஆகமாட்டான். அவனை எப்படி ஜெயிப்பாய்?

அவள் உனக்கு என்ன குறை வைத்தாள்? மாற்றி மாற்றி வரும் உன் ஷிப்டுக்கெல்லாம் எழுந்து சமைக்கிறாள், இந்தி பேசக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று நீதான் ஆடி மாசத்துக் கடிதத்தில் பெருமையாக எழுதினாய். மற்ற நாளெல்லாம் உன்னுடையது. அந்த ஒரு நாளை அவள் உன்னிடமிருந்து திருடவில்லை, அது உன்னுடையதாக இருந்ததே இல்லை. நான் சொன்னதால்தான் சரி என்று சொல்லிக் கழுத்தை நீட்டியவள், அவள் பட்டினி கிடந்தால் அந்தப் பாவம் எனக்கும் வரும். இந்தக் கடிதம் கிடைத்ததும் நீயே முதலில் பேசு. ஆண்பிள்ளை என்று விறைத்துக்கொண்டு உட்காராதே.

அடுத்த வருஷம் ஐப்பசிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வா. கல்யாணம் முடித்துப் போனவளுக்கு நாற்காலி கிடையாது என்று ரைட்டர் சொல்வார், சொல்லட்டும், நான் பேசிக்கொள்கிறேன். ஆடிக்கும் புரட்டாசிக்கும் என்னைப் பார்த்துப் பார்த்து அந்த மனுஷர் ஏற்கெனவே பாதி இளைத்துவிட்டார்.

இன்னும் ஒன்று. எப்படி எழுதுவது என்று தெரியாமல் காலையிலிருந்து இந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். நீ அவளோடு சமாதானமாகி, அவள் சாப்பிட்டு முடித்து நல்ல மனசாக இருக்கிற நேரம் பார்த்து, அவளிடம் ஒன்று கேட்டு எழுது. அவன் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கும், எனக்காகப் பொறுத்துக்கொள். ஜெயக்கொடி அவளிடம் எப்போதாவது என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா? ஒரு வார்த்தையானாலும் போதும். ஒன்றும் சொன்னதில்லை என்று அவள் சொன்னால், நீயே யோசித்து ஏதாவது ஒன்றை எழுதி அனுப்பிவிடு தம்பி. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

நீங்கள் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்
அக்காள் மாயக்காள்